ஏரி எதுவரை

கல்லேரிப்பட்டி,
மாரண்டஹள்ளி வழி.
6-11-2024

அன்புள்ள தம்பி இனிகோவுக்கு,

உன் அண்ணி மிக்கேலம்மாள் எழுதுவது. தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஆளை நான் விளக்குமாற்றால் துரத்தியதாக உனக்குச் செய்தி வந்திருக்கும். பாலக்கோடு தக்காளி மார்க்கெட் வரைக்கும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. என் கையில் இருந்தது குடை. நான் துரத்தவும் இல்லை. கேட் வரைக்கும் கூடவே நடந்துபோய், காலில் ஒட்டிய சேற்றைப் படியில் தேய்த்துவிட்டுப் போகச் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான்.

ஆண்டவர் புண்ணியத்தில் நான் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது. உன் உடம்பும் லூர்துமேரியின் உடம்பும் எப்படி இருக்கின்றன? உன் அண்ணன் அடக்கத்துக்கு வந்துபோன நீ பதினோரு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. காரணம் கேட்டு இந்தக் கடிதத்தை எழுதவில்லை. வேறு வேலை இருக்கிறது.

அந்த ஆள் கொண்டுவந்தது நோட்டீஸ். நம் காடு ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், அதில் இருக்கும் வீடு, கிணறு எல்லாமே கல்லேரியை ஆக்கிரமித்தவை என்று எழுதியிருக்கிறார்கள். என்ன ஆதாரம் என்று கேட்டேன். 1986-இல் நடந்த மறு அளவையில் தவறு இருக்கலாமாம். அதற்கு முந்தைய படத்தைப் பார்க்கலாம் என்றால் அதைக் கரையான் தின்றுவிட்டதாம். படம் இல்லாததால், ஏரியை ஒட்டியிருப்பதெல்லாம் ஏரி என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கரையான் தின்றதற்கு நான் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

மனு கொடுத்தது ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் குப்புராஜ். "போஸ்ட்டம்மா ஏரியை முழுங்கிட்டு ஏப்பம் வுடுது" என்று டீக்கடையில் சொல்கிறாராம். முப்பத்தொரு வருடம் தபால் ஆபீசில் இருந்தேன். அடுத்தவர் தபால் ஒன்று என் மேசையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதில்லை. என்னைப் பார்த்து இந்தச் சொல்.

மார்ச் மாதம் நேரில் வந்து பார்ப்பார்கள். அதற்குள் ஆதாரம் காட்ட வேண்டும். நீ சுண்ணாம்புச் சுரங்கத்தில் முப்பத்துநான்கு வருடம் கல்லும் மண்ணும் பார்த்தவன். மண்ணைப் பார்த்தே அங்கே தண்ணீர் நின்றதா, ஓடியதா, வரவே இல்லையா என்று சொல்லிவிடலாம் என்று ஒருமுறை சாப்பிடும்போது ரசத்தை ஆறவிட்டு, அடியில் தங்கிய மண்டியைக் காட்டி விளக்கினாய். காகிதம் இல்லையென்றால் மண் சாட்சி சொல்லட்டும். நான் எங்கே தோண்ட வேண்டும், எதைப் பார்க்க வேண்டும்?

போனில் கூப்பிடாதே. பேச்சைக் கோப்பில் வைக்க முடியாது. எழுது.

இப்படிக்கு,
மிக்கேலம்மாள்


அரியலூர்
12-11-2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இனிகோ வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் முழங்காலுக்கு லூர்துமேரி ஒரு தைலம் அனுப்பச் சொல்கிறாள், பார்சலில் இருக்கும். குடை விஷயத்தைப் படித்துவிட்டு அவள் வெகுநேரம் சிரித்தாள். துரத்தியிருந்தாலும் தப்பில்லை என்கிறாள்.

அண்ணி, கவலைப்படாதீர்கள். மண் பொய் சொல்லாது. நம் ஊர்ப்பக்கத்துப் பாறையெல்லாம் பூமிக்குள் வெந்து முறுகி மேலே வந்தவை. அவற்றைக் கேட்டால் ஏரிக் கதை தெரியாது. மேலே படிந்ததைக் கேட்க வேண்டும். எது எங்கே படிந்தது என்பதற்கு அதன் உடம்பிலேயே அடையாளம் இருக்கும்.

ஓடுகிற தண்ணீர் கல்லை உருட்டும். அதனால் ஓடையில் படிந்தது உருண்டை ஜல்லியும் மணலுமாக இருக்கும். நிற்கிற தண்ணீரில் மிக நைசான களி மட்டும் மெதுவாக இறங்கும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு தாள் என்று ஏடு ஏடாகப் படியும். கறுப்பாக இருக்கும், நடுவில் நத்தை ஓடுகள் படுத்திருக்கும். சரிவிலிருந்து மழை இழுத்து வந்த மண் என்றால் கூர் மழுங்காத கல்லும் மண்ணும் கலந்து கிடக்கும், ஏடு இருக்காது. ஒரு துண்டைப் பல்லில் கடித்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. சுரங்கத்தில் நாங்கள் எல்லோரும் இப்படி மண் தின்றவர்கள்தான்.

முக்கியமானது சுக்கான் கல். இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சாக, வெள்ளையாக மண்ணுக்குள் இருக்கும். மழைத் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. வெயில் அதைத் திரும்ப இழுக்கிறது. தண்ணீர் போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். நூற்றுக்கணக்கான வருடம் காய்ந்து நனைந்த மேட்டில் விளைவது இது. சுக்கானுக்கு மேலே களி ஏடு இல்லாமல் நேராகச் செம்மண் இருந்தால், அங்கே ஏரி நின்றதில்லை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் இரண்டு சொட்டு விட்டால் சுக்கான் பொங்கும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மாமரத்துக்கு மேற்கே ஒன்று என்று மூன்று குழி போதும். மேல்காட்டை விட்டு இறங்க வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று கற்களைச் சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறேன். ஆறு சேர்த்த மணற்கல். அசையாத தண்ணீரில் படிந்த களிப்பாறை. கடலில் உண்டான சிப்பிச் சுண்ணாம்புக்கல். மூன்றாவது உங்களுக்கு உதவாது. கடல் இருந்த இடத்தில் மட்டுமே கிடைக்கும். அழகுக்காக வைத்தேன்.

உங்கள் அன்புள்ள,
இனிகோ


கல்லேரிப்பட்டி
2-12-2024

அன்புள்ள இனிகோவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிந்து மகிழ்ச்சி. தைலம் வந்தது. வாசனையைப் பொறுத்துக்கொண்டால் வேலை செய்கிறது. கற்களும் உடையாமல் வந்தன. சிப்பிக்கல்லைப் பார்த்ததும் உன்னைப் பார்த்த மாதிரி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மே மாத லீவுக்கு வரும்போதெல்லாம் பையில் இதைத்தானே போட்டுக்கொண்டு வருவாய். உள்ளங்கை அகலச் சிப்பி, வளைந்த முதுகு, கல்லோடு கல்லாக. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டுவாய். உன் அண்ணன், "சோத்துக்கு ஆவாத கல்லு" என்று கேலி செய்வார். நீ அவற்றை முற்றத்தில் குவித்துவிட்டுப் போவாய். பெருக்குகிறவள் நான்.

காட்டு வேலைக்கு வரும் ஆண்டியைக் கூப்பிட்டு மூன்று குழி வெட்டினோம். ஆளுக்கு மேல் ஓர் அடி ஆழம். முதல் குழியை அவன் கோணலாக வெட்டினான். ஓரத்தைச் செங்குத்தாகச் செதுக்கச் சொன்னேன்.

"குழிக்கு என்னங்கம்மா அழகு? ஆள வெச்சு மூடவா போறோம்?" என்றான்.

"ஆபீசருங்க படிக்கப் போற எழுத்து இது. கோணலா இருந்தா படிக்க மாட்டாங்க" என்றேன்.

மூன்றிலும் ஒரே வரிசை. மேலே செம்மண், அதில் கூரான வெள்ளைக் கற்கள். இரண்டரை அடியில் சுக்கான். நடுவில் களி ஏடு ஒரு நூல்கூட இல்லை. பல்லில் கடித்தேன். நறநறத்தது. எனக்கு இந்த வயதில் சொந்தப் பல் இருப்பதை நீ மறந்துவிடவில்லை என்பதில் மகிழ்ச்சி. ஆசிட் விட்டதும் ஆண்டி இரண்டு எட்டு பின்னால் போனான். "சோடா கணக்கா பொங்குதுங்க" என்று அடுத்த காட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டான்.

குப்புராஜும் வந்தார். வரப்பிலேயே நின்றுகொண்டு, "என்னங்க போஸ்ட்டம்மா, பொதையலா?" என்றார்.

"ஆமாங்க. ஒங்க மனுவுக்குப் பதில் பொதைஞ்சு கெடந்தது. எடுத்துட்டேன்."

"மேக்காட்டுலயே தோண்டுறீங்களே, கீழ தோண்ட மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நான் பதில் சொல்வதில்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கீழ்க்காடு முப்பத்தெட்டு சென்ட்டும் நம் எல்லைக்குள்தானே இருக்கிறது? எல்லைக்கல் அதற்கும் கீழே நிற்கிறது. மூன்று குழி போதும் என்று எழுதினாய். ஏன் போதும் என்று எழுதவில்லை. நான்காவது குழியை எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் வெட்டலாமா? பதில் எழுது.

அன்புடன்,
மிக்கேலம்மாள்


அரியலூர்
28-12-2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

மூன்று குழிகளின் விவரம் மிகச் சரியாக இருக்கிறது. அதுவே போதும். வீடும் கிணறும் மேல்காட்டில்தான் இருக்கின்றன. கீழே தோண்ட வேண்டாம். அங்கே பாம்பு அதிகம். மேலும், அண்ணன் ஒவ்வொரு கோடையிலும் ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கீழ்க்காட்டில் அடித்திருக்கிறார். கறுப்புக் களி கிடைத்தால் ஏரி என்று தப்பாக நினைத்துவிடுவார்கள். வீணாக நாமே குழப்பம் உண்டாக்கியதாக ஆகும்.

வேறு விசேஷம் இல்லை.

இனிகோ


கல்லேரிப்பட்டி
17-1-2025

அன்புள்ள இனிகோவுக்கு,

நான் நலம். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் கரும்பு கொடுத்தனுப்பினாள். ஏரி விவகாரத்தில் அவள் எனக்கு எதிர்க்கட்சி. கரும்பில் கட்சி பார்க்கவில்லை.

உன் கடிதம் இருபத்தாறு நாள் கழித்து எழுதப்பட்டது. என் கடிதம் அங்கே வந்துசேர நாலு நாள். மீதி நாட்களுக்குத் தபால் இலாகா பொறுப்பில்லை.

நான்காவது குழியை வெட்டினேன். பாம்பு இல்லை. எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் அரை அடி உழவு மண், அதற்குக் கீழே கறுப்புக் களி.

"அம்மா, இது வண்டலுங்க. ஐயா அடிச்சது" என்றான் ஆண்டி. நீ எழுதியதையே அவனும் சொன்னான். எனக்கும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

பிறகு யோசித்தேன். வண்டலை வண்டியிலிருந்து சாய்த்தால் கட்டி கட்டியாக விழும். மண்வெட்டியால் இறைப்போம். ஏர் ஓட்டிப் புரட்டுவோம். அதில் வரிசை எப்படி இருக்கும்?

"ஆண்டி, நீ வண்டல் அடிக்கறப்ப அடுக்கி அடுக்கியா வெச்ச?"

"நான் எதுக்குங்க அடுக்கறேன்? கொட்டுனா கொட்டுன எடம்."

செதுக்கிய சுவரில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மூன்றரை அடிக்குக் களி, ஏடு ஏடாக இருந்தது. கோயில் பூசைப் புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்ப்பது போல இருந்தது. ஒவ்வோர் ஏட்டிலும் நத்தை ஓடுகள் உடையாமல் படுத்திருந்தன. கல் ஒன்றுகூட இல்லை. வாயில் போட்டேன், வெண்ணெயாக வழுக்கியது. இதை எந்த மனிதனும் வண்டியில் கொண்டுவந்து வைக்கவில்லை. தண்ணீர் உட்கார்ந்து வைத்தது.

"மூடிரலாங்களா? ஆரும் பாக்கல" என்றான் ஆண்டி.

"நான் பாத்துட்டேன்" என்றேன்.

ஆக, நம் எல்லைக்கல் ஏரிக்குள் நிற்கிறது. 1986-இல் அளந்தவர்கள் அந்தக் கல்லை வைத்துத்தான் அளந்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் கல் எங்கே இருந்தது? நீ இந்த ஊரில் பிறந்தவன், அந்தக் காட்டில் மாடு மேய்த்தவன். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

அன்புடன்,
மிக்கேலம்மாள்


அரியலூர்
8-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

லூர்துமேரி எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் மன்னியுங்கள். நீங்கள் நலமா? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி நலம்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மூன்று தடவை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சட்டையைத் துவைக்கக் கேட்டால் கழற்றித் தர மாட்டேன் என்கிறார். பதில் எழுதினீர்களா என்று கேட்டேன். "கண்ணு மங்கலா இருக்குது, எழுத முடியலன்னு நீயே எழுதிப்போடு" என்றார். அக்கா, இவர் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். ஆனால் சொன்னதை எழுதிவிட்டேன்.

கீழ்க்காட்டைப் பற்றி இவரிடம் கேட்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்காதீர்கள் அக்கா. குழியை மூடிவிடுங்கள். வீடு தப்பினால் போதாதா?

உங்கள் அன்புத் தங்கை,
லூர்துமேரி


கல்லேரிப்பட்டி
15-2-2025

அன்புள்ள லூர்துமேரிக்கு,

உன் கடிதத்தில் தப்பே இல்லை. சர்க்கரைக்குக் கேப்பைக் களி சாப்பிடு, இரவில் சோறு வேண்டாம்.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கண் மங்கியவர் எழுத வேண்டாம். வாயால் சொல்லட்டும், நீ எழுது. சட்டையைத் தூங்கும்போது எடுத்துத் துவைத்துவிடு, கடிதத்தை மட்டும் திரும்ப வைத்துவிடு.

குழியை மூட மாட்டேன். வீட்டைக் காப்பாற்ற நான் மண்ணைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். எனக்குச் சாதகமாகப் பேசும் வரைக்கும் பேசு, பிறகு வாயை மூடு என்று ஒரு சாட்சியிடம் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் மேல்காட்டில் அது சொன்னதையும் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

அன்புடன்,
அக்கா


கல்லேரிப்பட்டி
25-2-2025

இனிகோவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

பதில் வராததால் நானே தேடினேன். மேல்காட்டிலிருந்து எல்லைக்கல் வரைக்கும் ஒரே நேர்க்கோட்டில் வாய்க்கால் மாதிரி வெட்டச் சொன்னேன். ஏரி எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டேன். களி ஏடு மேலே வர வர மெலிகிறது. தோசையின் ஓரம் போல ஒரு விரல் கனம், அரை விரல், பிறகு இல்லை. அந்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சன்ன மணல். அலை அடித்து ஒதுக்கியது. அதற்கு மேலே சுக்கானும் செம்மண்ணும்தான். இப்போதைய எல்லைக்கல்லிலிருந்து நூற்றுப் பதினெட்டு அடி மேலே.

மணலை ஒட்டிச் சுக்கானில் ஒரு சதுரக் குழி இருக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான சதுரம், இரண்டடி ஆழம். கடப்பாரையால் வெட்டிய தடம் சுவரில் அப்படியே இருக்கிறது. சுற்றிலும் வெள்ளைச் சுக்கான், உள்ளே மட்டும் கறுப்பு மண்ணும் கற்களும் போட்டு மூடியிருக்கிறார்கள். எல்லைக்கல்லின் அடிப்பாகத்தைத் தோண்டி அளந்தேன். அந்தக் குழிக்குச் சரியாக இருக்கிறது.

மார்ச் 18-ஆம் தேதி ஆபீசர்கள் வருகிறார்கள். அவர்கள் வருவதற்குள் நீ சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

மிக்கேலம்மாள்


அரியலூர்
7-3-2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கண் இப்போது பரவாயில்லை. உங்கள் எழுத்து இன்னும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கைக்கு என்ன ஆனது? குழிக்குள் இறங்கினீர்களா? சொல்லாமல் விடுவீர்கள் என்று தெரியும்.

ஒரு யோசனை. 1986-இல் அளக்க வந்தவர்கள் தவறுதலாகக் கல்லை நகர்த்தி நட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அவர்களில் யாரும் இப்போது இருக்க மாட்டார்கள். வேண்டுமானால் நானே வந்து சாட்சி சொல்கிறேன். உங்கள் மேலும் பழி வராது, அண்ணனின் பெயரும் கெடாது. ஊரில் அவருக்கு இருக்கும் மரியாதையை நினைத்துப் பாருங்கள். செத்தவரை எதற்காக நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

இனிகோ


கல்லேரிப்பட்டி
22-3-2025

அன்புள்ள தம்பி இனிகோவுக்கு,

நான் நலம். கை ஆறிவிட்டது, ஏணி இல்லாமல் இறங்கியதற்கு எனக்குக் கிடைத்த பரிசு. இந்தக் கடிதம் வலது கையால் எழுதியது. கண் தேறியதில் மகிழ்ச்சி. லூர்துமேரிக்கு என் அன்பு.

18-ஆம் தேதி ஆபீசர் வந்தார். சர்வேயர் பெண் சுகுணாவும் வந்தது. சங்கத்து ஆட்கள் நாற்பது பேர் வந்தார்கள். நான் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். மேல்காடு ஒரு ஏக்கர் இரண்டு சென்ட் ஒருபோதும் ஏரியாக இருந்ததில்லை, அதில் ஒரு அங்குலம் தர மாட்டேன். கீழ்க்காடு முப்பத்தெட்டு சென்ட் ஏரி, அதை இன்றைக்கே ஒப்படைக்கிறேன். இரண்டுக்கும் ஆதாரம் இந்த வாய்க்காலில் இருக்கிறது, இறங்கிப் பார்க்கலாம். இப்படித்தான் எழுதியிருந்தேன்.

குப்புராஜ்தான் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். கீழ்க்கோடியில் களியைக் கிள்ளி விரலில் தேய்த்தார். "இது எங்க ஏரிக் களிதாங்க. இதுல பொறண்டுதான் வளந்தேன்" என்றார். அப்படியே மேலே நடந்து வந்தார். மணல் வந்த இடத்தில் நின்றார். சுக்கானைக் காலால் தட்டினார். பிறகு ஆபீசரைப் பார்த்து, "இதுக்கு மேல தண்ணி நின்னதில்லீங்க. இது அம்மா காடுதான். எழுதிக்கங்க" என்றார்.

மேலே ஏறி வந்து என்னிடம், "குடுக்கறதுன்னு இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? நாலு மாசமா எதுக்கு மல்லுக்கு நின்னீங்க?" என்று கேட்டார்.

"நீங்க கேட்டது என் வூட்டையும் சேத்து. நான் குடுத்தது ஏரியோடத மட்டும். ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. டீக்கடைல இதையும் அதே சத்தத்தோட சொல்லுங்க" என்றேன்.

"சொல்றேனுங்க" என்றார். சொல்லவும் செய்கிறாராம். ஆண்டி போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

மேல்காட்டுக்கான நோட்டீசை ரத்து செய்யும் உத்தரவு தபாலில் வரும். ஆபீசர் போகும்போது கேட்டார், கல்லை யார் நகர்த்தினார்கள் என்று. அளக்க வந்தவர்கள்தான் நகர்த்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நம் கீழ்க்காட்டில் தக்காளி விளைந்தால் என்ன லாபம்? விசாரித்து எழுத்தில் தருகிறேன் என்றேன். பதினைந்து நாள் கொடுத்திருக்கிறார்.

இப்போது, போன கடிதத்தில் நான் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நீயாகச் சொல்வாய் என்று இடம் விட்டிருந்தேன்.

அந்தச் சதுரக் குழியை மூட மண்ணோடு போட்டிருந்த கற்களை வெளியே எடுத்துக் கழுவினேன். பன்னிரண்டு கல். பதினொன்று நம் ஊர்க் கல். பன்னிரண்டாவது மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். ஆசிட் விட்டேன். பொங்கியது. சுக்கானாக இருக்குமோ என்று திருப்பினேன். உள்ளங்கை அகலச் சிப்பி, வளைந்த முதுகு, கல்லோடு கல்லாக. நீ பார்சலில் அனுப்பிய மூன்றாவது கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

கடல் இருந்த இடத்தில் மட்டுமே கிடைக்கும் என்று நீதான் எழுதினாய். கல்லேரிப்பட்டிக்குக் கடல் வந்ததில்லை. அரியலூரிலிருந்து நீதான் வருவாய், மே மாத லீவில், பையில் கல்லோடு. முற்றத்தில் குவித்துவிட்டுப் போவாய். அவசரமாக ஒரு குழியை மூடுகிறவர்கள் முற்றத்தில் கிடக்கும் கல்லைத்தான் வாரிக்கொண்டு போவார்கள்.

1986 மே மாதம் ஏரி வறண்டு கிடந்தது. நான் சேலத்தில் பதினைந்து நாள் இலாகாப் பயிற்சியில் இருந்தேன். ஜூன் மாதம் அளக்க வந்தார்கள். நான் திரும்பி வந்த அன்றைக்கு நீங்கள் அண்ணன் தம்பி இருவரும் கோழி அடித்துச் சமைத்து வைத்திருந்தீர்கள். எனக்கு அதிசயமாக இருந்தது. உன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினார். பயிற்சிக்குப் போனதில் கோபம் என்று முப்பத்தெட்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பெயர் கெடும் என்று எழுதியிருக்கிறாய். பெயர் கெட்டிருந்தால் அது கல்லைப் பிடுங்கிய நாளில் கெட்டது, நான் எழுதிக் கொடுக்கும் நாளில் இல்லை. அவரோடு நாற்பத்திரண்டு வருடம் வாழ்ந்தேன். அவர் செய்ததை அறிந்து அவருக்காகச் செபம் செய்ய எனக்குத் தைரியம் இருக்கிறது. அறியாமல் செய்யத்தான் பிடிக்கவில்லை. உன்னைத் தண்டிக்கவும் நான் கேட்கவில்லை. பதினோரு வருடமாக நீ ஊருக்கு வராமல் இருந்தது ஏன் என்று இப்போது தெரிகிறது. அந்தத் தண்டனை போதும். வீடு மேட்டில் இருக்கிறது, நீ வரலாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. கல்லைப் பிடுங்கி நட்டது யார் யார்? இந்த யோசனை முதலில் உன் வாயிலிருந்து வந்ததா, அவர் வாயிலிருந்தா?

நீ எழுதுவதை அப்படியே ஆபீசில் கொடுப்பேன். பிரதி ஒன்றை நான் வைத்துக்கொள்வேன். விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி, உன் கையால், எழுத்தில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அண்ணி
மிக்கேலம்மாள்